நீலக் கேட் வீட்டுக்கு வழி

1 ஜூன், சனி

"ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருங்களா?" என்று போன வாரம் நேர்காணலில் என்னைக் கேட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? உதாரணத்துக்கு ஒன்று சொன்னேன். ஒரு விளையாட்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பையன் நீளம் தாண்டப் போய் மண்வெட்டி மேல் விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. சேலைத் தலைப்பால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே மற்ற நாற்பது பேரையும் வரிசையாக உட்கார வைத்தேன். அன்றைக்கு மயங்கி விழுந்தது பி.டி. மாஸ்டர்தான். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

வேலை ஆம்புலன்ஸ் மேசையில். கோபி ஊருக்கு வெளியே ஓர் அறக்கட்டளை இரண்டு வண்டி ஓட்டுகிறது. வரும் போனை எடுத்து, என்ன ஏது என்று கேட்டு, வண்டியை அனுப்ப வேண்டும். பகல் வேலை மட்டும். பத்து நாள் அறிமுகப் பயிற்சி. அதில் தேறினால்தான் மேசை.

படிவத்தில் 'இந்த வேலையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஓய்வுக்குப் பிறகு பொழுது போகவில்லை' என்று எழுதினேன். சின்னக் கட்டம், அதற்கு மேல் எழுத இடமில்லை.

மாலையில் கேட்டுக்கு எண்ணெய் விட்டேன். நீல வண்ணம் கீழ்ப்பக்கம் உரிந்து கிடக்கிறது. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, ஒரு வாரத்து மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைத்தேன். காலை மூன்று, இரவு ஒன்றரை.

3 ஜூன், திங்கள்

முதல் நாள் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஏதோ சொற்பொழிவு இருக்கும் என்று நோட்டுப் புத்தகமும் அடிக்கோலும் கொண்டு போனேன். காலை முழுக்கச் சட்டை அளவு, செருப்பளவு, மஞ்சள் காமாலை ஊசி, பதினான்கு கையெழுத்து.

மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறோம். டிரைவர் சென்னியப்பன், நாற்பது வயது, இதுவரை கோழி லாரி ஓட்டியவர். ஹேமாவதி, இருபத்து நான்கு வயது, வண்டிக்குள் நோயாளியைக் கவனிக்கும் டெக்னீஷியன். மூன்றாவது நான். சொல்லிக்கொடுப்பவர் பிலோமினா. முன்பு நர்ஸாக இருந்தவர் என்பதால் எல்லோரும் சிஸ்டர் என்கிறார்கள். குள்ளமான உருவம். மூச்சு விடாமல் பேசுகிறார்.

"மேசைல உக்கார்றவங்களும் ஸ்ட்ரெச்சர் தூக்கணும். தூக்கிப் பாத்தாதான் வண்டிக்காரங்க ஏன் லேட்டுன்னு புரியும்" என்றார்.

படுத்தது சென்னியப்பன். எண்பத்திரண்டு கிலோ. முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி எழ வேண்டும். மூன்றாவது தடவை எழுந்துவிட்டேன்.

"டீச்சர், கோழின்னா ஒரு கையில ஆறு புடிப்பேன். என்னையப் புடிக்க ரெண்டு பொம்பளைங்க வேணும் பாருங்" என்றார் படுத்தபடியே.

இரவு முட்டிக்குத் தைலம். இவர் தேய்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே தேய்த்தார்.

4 ஜூன், செவ்வாய்

பிளாஸ்டிக் பொம்மையின் நெஞ்சை அழுத்தும் பயிற்சி. முப்பது அழுத்து, இரண்டு மூச்சு. வாய்ப்பாடு ஒப்பிக்கும் ராகத்தில் எண்ணினேன். ஹேமாவதியும் அதே ராகத்துக்கு மாறிவிட்டாள். பிலோமினா, "வேகம் கரெக்டா இருக்குது, ராகம் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பொம்மைக்கு என் வயதுக்காரர் முகம். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வெளியே போனேன். வெயில்.

5 ஜூன், புதன்

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு நாளும் காலையில் வண்டியைச் சரிபார்க்க ஒரு தாள் உண்டு. ஆக்சிஜன், பேண்டேஜ், டயர், சைரன் என்று நாற்பத்தாறு இனம். சென்னியப்பன் படிக்க, நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து டிக் அடித்தேன். எல்லாம் சரி. கடைசியில் 46/46 என்று போட்டு, கீழே 'நன்று' என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். கைப்பையில் எப்போதும் இருக்கிற சிவப்புப் பேனாவால்.

இங்கே தாளில் சிவப்பு மை பட்டால் அந்த வண்டி ஓடக்கூடாது என்று அர்த்தம். பழுது கண்டவர்தான் சிவப்பில் குறிப்பார். சாவி பெட்டிக்குள் போய்விடும். மெக்கானிக் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். நான் நாற்பத்தாறு இடத்தில் குறித்திருந்தேன். மெக்கானிக் பவானியிலிருந்து வந்து சேர இரண்டே கால் மணி நேரம். தாளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏனுங், வண்டி எரிஞ்சு போச்சுங்களா?"

அந்த நேரத்தில் வந்த ஒரே அழைப்புக்கு இன்னொரு வண்டி போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிலோமினா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"டீச்சர், ரெண்டாவது அழைப்பு வந்திருந்தா நம்மகிட்ட வண்டி இல்ல. முதல் நாள் குடுத்த புத்தகத்துல நாலாம் பக்கத்துல இருக்குது."

அடிக்கோலால் கோடு போட்டுப் படித்திருந்தேன். நாலாம் பக்கத்தில் என் கோடு இருக்கிறது. இருந்தும் கை பழகின பேனாவைத்தான் எடுத்தது.

"இன்னொரு தடவ இப்படி ஆனா உங்களுக்கு மேசை தர மாட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

6 ஜூன், வியாழன்

நீலப் பேனா ஒரு டஜன் வாங்கினேன். மாதிரி அழைப்புப் பயிற்சி தொடங்கியது. சென்னியப்பன் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவார், நான் எடுத்து ஒரு நிமிடத்துக்குள் இடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். போனில் வரும் இடக்குறி இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் உதவாதாம். டவர் இருக்கிற மேட்டைக் காட்டும், வீட்டைக் காட்டாது.

"ஏனுங், எங்கப்பனுக்கு முறுக்கு தொண்டைல சிக்கிக்கிச்சுங்!"

"அவசரப்படாம, நல்லா யோசிச்சு, உங்க முகவரிய முழுசாச் சொல்லுங்க" என்றேன்.

மறுமுனையில் சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, "யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அப்பன் போயிருவாருங் டீச்சர்."

ஹேமாவதி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். நாலு அழைப்பில் ஒன்றுகூட ஒரு நிமிடத்துக்குள் முடியவில்லை. பதிலுக்காகக் காத்திருப்பது என் பழக்கம். வகுப்பில் அது நல்ல பழக்கம்.

7 ஜூன், வெள்ளி

இன்று இரண்டு வேளையும் வெண்டைக்காய்ப் பொரியல். மதியம் இவர் எனக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தது, இரவு அதன் மீதம்.

இன்று பழைய ஒலிப்பதிவு ஒன்று போட்டார்கள். போன வருடத்து உண்மையான அழைப்பு. பெயரையெல்லாம் அழித்துவிட்டுத்தான் போடுவார்களாம். முதல் அரை நிமிடம் மட்டும் ஓடும். 'இதற்கு மேல் நீங்களாக இருந்தால் என்ன கேட்பீர்கள்' என்பது திங்கட்கிழமைக்கு வீட்டுப்பாடம்.

ஒரு பெண். "வாங்க, சீக்கிரம் வாங்க. நெஞ்சைப் புடிச்சுட்டு விழுந்துட்டாருங்க."

"எங்க வரணுங்க?"

"எங்க வீட்டுக்குத்தாங்க."

"வீடு எங்கங்க இருக்குது?"

"இங்கதாங்க. கோபி பக்கத்துல. வீட்டுக்கு முன்னாடி ஒரு வேப்பமரம் இருக்குதுங்க."

அங்கே நிறுத்திவிட்டார் பிலோமினா. சென்னியப்பனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யார் வீட்டு முன்னாடிங் வேப்பமரம் இல்லாம இருக்குது?" ஹேமாவதியும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அம்மா படித்தவராகத்தான் இருக்க வேண்டும், குரலில் தெரிகிறது. திசை தெரியாதவராகவும் இருக்க முடியாது. கேட் நீலம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

வயிறு சரியில்லை என்று அரை மணி முன்னதாக வந்துவிட்டேன்.

8 ஜூன், சனி

வீட்டுப்பாடத் தாள் காலியாக இருக்கிறது.

9 ஜூன், ஞாயிறு

கேட்டுக்கு வண்ணம் பூசினேன். இவர் ஏணியைப் பிடித்தார். "ஞாயித்துக்கெழமைல என்ன அம்மிணி வேகம்?" என்றார். உரிந்துவிட்டது என்றேன். "ஒரு வருசமா உரிஞ்சுதான் கெடக்குது" என்றார். பேச்சை மாற்றினேன்.

இவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். அன்றைக்கு ஆம்புலன்ஸ் எப்படி வீட்டைக் கண்டுபிடித்து வந்தது என்று. இவருக்கு எப்படித் தெரியும்? நினைவில்லாமல் கிடந்தார். எனக்கும் தெரியாது. வேப்பமரம் வரைக்கும்தான் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வாசலில் வண்டி நின்றது.

10 ஜூன், திங்கள்

வீட்டுப்பாடம் படித்தோம். சென்னியப்பன், "பக்கத்துல யாராச்சும் ஆம்பளைங்க இருந்தா போனைக் குடுக்கச் சொல்லுவேன்" என்று எழுதியிருந்தார். ஹேமாவதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கதவு எண், தெரு, வார்டு என்று வரிசையாகக் கேட்பதாக எழுதியிருந்தாள்.

"டீச்சர்?"

"அந்தம்மாகிட்ட என்ன கேட்டா பதில் வரும்னு எனக்குத் தெரியலீங்க சிஸ்டர். நாப்பது பசங்களுக்கு உலக மேப் போடச் சொல்லிக் குடுத்தவங்க அவங்க. சொந்த வீடு எங்கன்னு அன்னிக்கு வாயில வரல."

பிலோமினா என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"நான்தாங்க அது."

சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. மெதுவாக, "டீச்சர், அப்ப நம்ம சாரு...?" என்றார்.

"இன்னிக்கு எனக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் குடுத்தாரு. உப்பு ஜாஸ்தி."

ஹேமாவதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்துவிட்டது. சென்னியப்பன், "வேப்பமரத்துக்கு மன்னிச்சுருங்" என்றார். உண்மையிலேயே கையைக் கூப்பினார்.

பிலோமினா மறுபடி அந்த ஒலிப்பதிவைத் திறந்தார். "மீதியப் போடட்டுங்களா? வேண்டாம்னா வேண்டாம்" என்றார் பிறகு. போடச் சொன்னேன்.

மேசையில் இருந்த அந்த ஆள் வீட்டைப் பற்றி மறுபடி கேட்கவேயில்லை.

"அம்மா, நீங்க வேலைக்குப் போறீங்களா?"

"ஸ்கூல் டீச்சருங்க."

"பஸ் எங்க ஏறுவீங்க?"

"ரைஸ் மில் ஸ்டாப்புலங்க."

"காலைல கேட்டைச் சாத்திட்டு ஸ்டாப்பு வரைக்கும் எப்படி நடப்பீங்க, சொல்லிட்டே வாங்க."

அந்தப் பெண், அதாவது நான், மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறேன்: "கேட்டைச் சாத்திட்டு கெழக்கால வருவேன். ரெண்டாவது சந்துல திரும்பி வாய்க்காப் பாலம். அதைத் தாண்டி ரேசன் கடை. அப்புறம் நேரா ரைஸ் மில்."

"சரிங்கம்மா. அப்ப நாங்க ரைஸ் மில்லுல இருந்து வர்றோம். ரேசன் கடை, பாலம், சந்து. கேட்டு என்ன கலருங்க?"

"நீலம்."

எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். ஒரு திசைகூடத் தப்பில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக, வேறு யாரோ அக்கம்பக்கத்தார்தான் வழி காட்டியிருப்பார்கள், என்னால் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வழி சொன்னது நான்தான்.

அந்த மனிதர் யார் என்று கேட்டேன். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராம். "நம்பர் இருக்குது, வேணும்னா தர்றேன்" என்றார் பிலோமினா. வாங்கிக்கொண்டேன். என்ன பேசுவது என்று தெரிந்த பிறகு கூப்பிட வேண்டும்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னிக்கு விழுந்தது நானா இருந்ததும் நல்லதாப் போச்சு அம்மிணி. நீ விழுந்திருந்து நான் போன் பண்ணியிருந்தா வேப்பமரம்னுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். இரவு ஒன்றரை மாத்திரையைத் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

11 ஜூன், செவ்வாய்

வண்டியைக் கழுவினோம். யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்குள் போனதைக் குச்சியால் எடுக்க வேண்டும். பயிற்சியில் இதுவும் உண்டு, தெரிந்துகொண்டு வருவது நல்லது.

மாதிரி அழைப்பு ஆறு. நாலு ஒரு நிமிடத்துக்குள்.

13 ஜூன், வியாழன்

நேற்று எழுதவில்லை, தூங்கிவிட்டேன். இன்று முதல் முறையாக உண்மையான மேசை. பிலோமினா எனக்குப் பின்னால் இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்பார். நான் தடுமாறினால் அவர் பேச்சை எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்தால் நான் தேறவில்லை என்று கணக்கு.

காலையில் மூன்று அழைப்பு. ஒன்று தவறான எண். இரண்டு டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், முகவரி ஏற்கெனவே பதிவில் இருந்தது. பதினொன்று பத்துக்கு நாலாவது.

"ஆம்புலன்சுங்களா? என்ற மருமவளுக்கு வலி எடுத்துருச்சுங். பனிக்கொடம் ஒடஞ்சு போச்சுங்."

வயதானவர். குரல் நடுங்குகிறது.

"எங்கிருந்து பேசறீங்க?"

"பூசாரி தோட்டமுங்."

"எந்த ஊருங்க?"

"பூசாரி தோட்டம்னா யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சீக்கிரம் வரச் சொல்லுங். புள்ள கத்துதுங்."

பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது. கணினியில் இடக்குறி ஒரு மலை மேட்டில் மினுங்கியது. எங்கள் பதிவில் பூசாரி தோட்டம் ஐந்து இருக்கிறது. இருபது நொடி ஆகிவிட்டது. பிலோமினாவின் கை மைக் பொத்தானுக்குப் போவது ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது.

பஸ்ஸைக் கேட்கலாம் என்று முதலில் தோன்றியது. தோட்டத்தில் இருக்கிறவர் நடந்து போய் பஸ் ஏறுவாரா? இந்த மனிதர் ஒவ்வொரு நாளும் எங்கே போவார்?

"ஐயா, உங்க வீட்டுல மாடு இருக்குதுங்களா?"

பிலோமினாவின் கை நின்றது.

"ரெண்டு எருமைங்... அதெதுக்குங் இப்ப?"

"காலைல பாலை சொசைட்டிக்கு எந்த வழில கொண்டுட்டுப் போவீங்க? வீட்டுல இருந்து சொல்லிட்டே வாங்க."

அவ்வளவுதான். அந்த நடுக்கம் போய்விட்டது. "மண்ரோட்டுல கடைசி வீடு நம்முளுதுங், கேனை எக்ஸெல் வண்டில கட்டிக்கிட்டு எறங்குவனுங். தண்ணித்தொட்டி. அதுக்கு அக்கட்டால கருப்பராயன் கோயல்ல சோத்தாங்கைப் பக்கம் திரும்புனா தார் ரோடுங். நேரா போனா கள்ளிமேட்டு சொசைட்டி."

கள்ளிமேட்டு சொசைட்டி எங்கள் பதிவில் ஒன்றே ஒன்றுதான். சென்னியப்பனுக்கு மைக்கில் சொன்னேன். திரும்பி வருகிற வழி என்பதால் கை மாறும்: "கள்ளிமேட்டு சொசைட்டில இருந்து நேரா. கருப்பராயன் கோயில்ல பீச்சாங்கைப் பக்கம். தண்ணித்தொட்டி தாண்டி மண்ரோட்டுக் கடைசி வீடு." வண்டி கிளம்புகிற சத்தம் ஜன்னலில் கேட்டது.

பெரியவரிடம் பேசிக்கொண்டே இருந்தேன். மருமகளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன், நாயைக் கட்டச் சொன்னேன், கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னேன். பதினான்காவது நிமிடம் அவர், "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று போனை அணைக்காமலே போட்டுவிட்டு ஓடிவிட்டார். வெகு நேரத்துக்கு எருமை கத்துவது மட்டும் கேட்டது. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பிலோமினா ஹெட்போனைக் கழற்றினார். "நாப்பத்தெட்டு நொடி" என்றார். பிறகு, "எருமையக் கேட்டதும் எனக்கு நெஞ்சே நின்னு போச்சு டீச்சர்" என்றார்.

குழந்தை வண்டியிலேயே, தார் ரோடு ஏறுவதற்கு முன்பே பிறந்துவிட்டது. பெண். இரண்டே முக்கால் கிலோ. ஹேமாவதிதான் வாங்கினாள், அவளுடைய முதல் பிரசவம். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பியதும் அவள் சட்டைகூட மாற்றாமல் ஒரு டம்ளர் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்: "டீச்சர், பதினாறு வருசம் கோழி ஓட்டுனேன். ஏத்துன எண்ணிக்கைக்கு எறக்குனா கொறையும். இன்னிக்குத்தாங் ஒண்ணு கூடுச்சு."

நாலு மணிக்குப் பெரியவர் கூப்பிட்டார். "எருமைய விசாரிச்ச அம்மாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒண்ணு செனையா இருக்குதுங். கன்னு போட்டா சீம்பால் கொண்டாந்து தர்றனுங்" என்றார். அறக்கட்டளையில் எதையும் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கன்று போடட்டும், பிறகு பார்க்கலாம்.

14 ஜூன், வெள்ளி

அடையாள அட்டை கொடுத்தார்கள். புகைப்படத்தில் யாரையோ அதட்டப் போகிறவள் மாதிரி இருக்கிறேன். மேசை என்னுடையது, திங்கள் முதல் சனி வரை, காலை எட்டு முதல் நாலு. இவர் பாயசம் வைத்திருந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். தட்டில் அள்ளிப் போட்டுக் கலந்து சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் புதிதாக ஐந்து பேர் சேர்கிறார்களாம். முதல் நாளைக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்று அவர்களுக்குக் கொடுக்க, நான் எழுதிவருவதாகச் சொன்ன இந்த நோட்டைப் பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று பிலோமினா கேட்டார். சிவப்புப் பேனாப் பக்கத்தைக் கிழித்துவிடவா என்றேன். அந்தப் பக்கத்துக்காகத்தான் கேட்கிறேன் என்றார். சரி, அப்படியே இருக்கட்டும்.

ஆகவே, புதிதாக வருகிறவர்களுக்கு: தைலம் வாங்கி வையுங்கள், நாலாம் பக்கத்தைப் படியுங்கள், மற்றதை பிலோமினா சொல்வார். முதல் நாள் வருவதற்கு முன்பு ஒன்றே ஒன்று மட்டும் செய்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டு வாசலில் நின்று, அங்கிருந்து பஸ் ஸ்டாப் வரை நீங்கள் நடக்கிற வழியை, 'பக்கத்துல' என்ற சொல் வராமல், ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.